ஆடிக் குழாய்

ஓடைமேடு பஞ்சாயத்தின் கணக்குகளை ஆடி மாதத்தில்தான் தணிக்கை செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அது வருஷா வருஷம் ஆடியில்தான் நடந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், அருவி இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில் அந்த ஊர் இருந்தது ஒன்றுதான் காரணம். சாரல் கட்டிவிட்டது என்று பேப்பரில் செய்தி வர வேண்டியதுதான், மேலிடத்து ஆடிட்டர் கிளம்பிவிடுவார். கூடவே அவருடைய சம்சாரம், மாமியார், மைத்துனர் குடும்பம், தூக்குச்சட்டி நிறைய நல்லெண்ணெய். பொதுப் பணத்தின் மேல் அந்தக் குடும்பத்துக்கே அப்படி ஓர் அக்கறை.

பஞ்சாயத்துத் தலைவர் நமசிவாயம் பிள்ளை அவர்களுக்காகக் குற்றாலத்தில் ஒரு பங்களாவைப் பிடித்து வைத்திருப்பார். காலையில் பெரிய அருவியில் குளியல், இட்லி, அதன் பிறகு கொஞ்சம் கணக்கு. மத்தியானம் ஐந்தருவியில் குளியல், சாப்பாடு, தூக்கம், அதன் பிறகு இன்னும் கொஞ்சம் கணக்கு. கடைசி நாள் வாடகைக் காரில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். ரோட்டுப் பள்ளமெல்லாம் தண்ணீர் நிரம்பி ரோடு சமமாகத் தெரியும். சாக்கடை தானாகக் கழுவிக் கிடக்கும். தெருக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். ஆடிட்டர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே 'யாவும் திருப்தி' என்று எழுதிவிட்டு, ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தோடு ரயிலேறுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம் ஒரு சர்க்குலர் வந்தது. வெளியார் வந்து குற்றம் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல், ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் காரியங்களைத் தானே சோதித்துக்கொள்ள ஓர் உள்தணிக்கையாளரை நியமித்துக்கொள்வது நல்லது என்று அதில் சொல்லியிருந்தது. மற்றத் தலைவர்கள் அதைப் படித்துவிட்டு வழக்கம்போலக் கம்பியில் குத்தி வைத்தார்கள். நமசிவாயம் பிள்ளைக்கு மட்டும் மூக்கில் வேர்த்துவிட்டது. அந்த வருஷம் தாலுகாவிலேயே சிறந்த பஞ்சாயத்துக்கு ஒரு வெள்ளிக் கேடயம் கொடுப்பதாக இருந்தார்கள். தென்காசியில் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்து, எங்கள் ஊரில் உள்தணிக்கை ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் யாரை நியமிப்பது என்று யோசித்தார்.

அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீசில் தாணு இருந்தார். பல வருஷமாகத் தற்காலிக குமாஸ்தா. நாற்காலியை விட்டு எழுந்து அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கூட்டினால் சரியாக வர வேண்டும், கோடு போட்டால் நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் உலகம். மனைவி முத்துவடிவுக்கு அவர் மேல் ஒரே ஒரு மனக்குறை. அவளுடைய அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் வேட்டியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டும்போது, மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று தவறாமல் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஐப்பசி பிறந்தால் தாணு காலண்டர் பக்கம் திரும்ப மாட்டார்.

நமசிவாயம் பிள்ளை அந்த இடத்தில்தான் பிடித்தார். வருகிற ஆடிட்டில் தாணு பெயருக்கு ஓர் ஆட்சேபணைகூட வராமல் இருந்தால் ஆவணியிலேயே வேலை நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்தார். தாணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது முத்துவடிவுக்குக் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

மாசி மாதம் முழுக்க அவர் விளக்குமாறுகளைத் தணிக்கை செய்தார். வாங்கினது இத்தனை, கையில் இருப்பது இத்தனை, மீதி தேய்ந்துபோயிற்று என்றால் தேய்ந்த கட்டைகள் எங்கே என்று கேட்டார். தெருக் கூட்டுகிற மாரித்தாய் நேரே போய், குப்பைமேட்டில் கிடந்த கட்டைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து அவர் மேஜை மேலேயே கொட்டினாள். தாணு மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதினார். அப்புறம் தெருவிளக்குச் சிம்னி, மண்ணெண்ணெய்ப் புனல், தண்டோராக்காரனின் தப்பு. நமசிவாயம் பிள்ளைக்குப் பரம திருப்தி. தணிக்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். பேப்பர்காரரை வரவழைத்து, விளக்குமாறும் கையுமாக நிற்கிற தாணுவோடு போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

அவர் செய்த பிசகு ஒன்றே ஒன்று. நாற்காலியை விட்டு எழாத ஆளாகப் பார்த்து எடுத்தாரே தவிர, எழுந்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தால் அந்த ஆள் எழுந்துவிடுவார் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

பங்குனியில் நெசவாளர் தெருக் குடிநீர்த் திட்டத்தின் முறை வந்தது. ஆற்றோரம் ஒரு கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் பம்ப் ஷெட். அங்கிருந்து மண்ணுக்கடியில் குழாய் வழியாகத் தண்ணீர் மேட்டிலுள்ள தொட்டிக்கு ஏறும். தொட்டியிலிருந்து தெருக் குழாய்களுக்கு இறங்கும். திட்டம் முடிந்து நாலு வருஷமாயிற்று. காண்ட்ராக்ட் எடுத்தவர் தலைவரின் மைத்துனர். 'குழாய்களில் தண்ணீர் தாராளமாக வருகிறது' என்று ஆடிட்டர்கள் வருஷம் தவறாமல் எழுதியிருந்தார்கள். தாணு அந்த வரியைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும், ஆவணியில் நிரந்தரம். ஆனால் நேரில் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று சர்க்குலரில் இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நெசவாளர் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெருவின் நீளத்துக்கும் நூல் விரிந்து கிடக்க, ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். தாணு ஓரமாக நடந்து போய்க் குழாயைத் திறந்தார். முதலில் காற்று வந்தது. காற்றின் பின்னால் ஒரு கட்டெறும்பு வந்தது. அதற்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சுல்தான் பீவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கணவர் இறந்த பிறகு இரண்டு தறிகளையும் ஒரு மகனையும் வைத்துக் குடும்பத்தை நிமிர்த்தின மனுஷி.

"தம்பி, அது ஆடிக் குழாய்லா? பங்குனியில திறந்தா எறும்புதான் வரும்."

தாணுவுக்கு விளங்கவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். சாரல் காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற ஓடை மேட்டுத் தொட்டியில் தானாக விழும். அந்த இரண்டு மூன்று மாசம் குழாயில் தண்ணீர் வரும். ஆனால் அப்போது வெயில் இராது, பாவு நீட்ட முடியாது. வெயில் அடிக்கிற இந்த மாசங்களில்தான் தறிக்கு வேலை. இப்போது பார்த்துக் கஞ்சி காய்ச்சக்கூடத் தண்ணீர் இல்லை. மருமகள் ஜன்னத் வாயும் வயிறுமாக இருக்கிறவள், விடிவதற்குள் ஆற்றுக்குப் போய் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரை மொண்டு சுமந்து வருகிறாள்.

மனு எதுவும் கொடுக்கவில்லையா என்று தாணு கேட்டார். நூல் சுற்றுகிற கை நின்றது.

"குடுக்காம என்ன? நல்லா வேலை செய்யுத குழாய ரிப்பேர் பண்ண ரூல்ல இடமில்லன்னு பதில் வந்திச்சு. ஆடிட்டரே பாத்து எழுதியிருக்காவளாம்."

தாணு மேட்டுத் தொட்டிக்குப் போனார். அடியில் காய்ந்த பாசியும் ஒரு பிய்ந்த செருப்பும் கிடந்தன. பம்ப் ஷெட்டுக்குப் போனார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பீறிட்டு, பக்கத்திலிருந்த நமசிவாயம் பிள்ளையின் தென்னந்தோப்புக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தென்னையும் கர்ப்பிணி மாதிரி குலை தாங்கி நின்றது. தொட்டிக்குப் போகிற குழாய் எங்கே என்று எஞ்சின் டிரைவர் இசக்கிப்பாண்டியிடம் கேட்டார். அவன் கால் பெருவிரலால் தரையைக் காட்டினான்.

"இங்கன இருக்குன்னுதான் கையெழுத்து வாங்கினாவ அண்ணாச்சி. நான் தோண்டிப் பாக்கல."

யாருமே தோண்டிப் பார்க்கவில்லை. கிணறு இருந்தது, எஞ்சின் இருந்தது, தொட்டி இருந்தது, தெருக் குழாய் இருந்தது. நடுவில் இருக்க வேண்டியது மட்டும் இல்லை. மண்ணுக்கு மேலே இருக்கிறதையே குளியலுக்கும் குளியலுக்கும் நடுவில் பார்க்கிற மகராசர்கள், மண்ணுக்கு அடியில் இருக்கிறதையா தோண்டிப் பார்க்கப் போகிறார்கள்? விளக்குமாற்றுக் கட்டையை எண்ணிப் போட்டோவுக்கு நின்றதை நினைத்துத் தாணுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

எழுதினால் நிரந்தரம் போய்விடும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கை வைத்தபடியே முத்துவடிவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ரசச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு மோரை ஊற்றிக்கொண்டே, எழுதுவதானால் எழுதுங்கள், தீபாவளிக்கு அப்பாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள். மறுநாள் அவர் எழுதினார். கோடெல்லாம் நேராக இருந்தது.

நமசிவாயம் பிள்ளை கோபப்படுகிற ரகமில்லை. தாணுவை வீட்டுக்கு அழைத்து, காப்பி வரவழைத்து, தன் கையாலேயே ஆற்றிக் கொடுத்தார்.

"வே தாணு, இது உள் ஆடிட்டுவே. வீட்டுக்குள்ள மனுசன் வேட்டிய அவுத்துப் போட்டுத் தூங்குவான். அதுக்காவ ஊரைக் கூட்டிக் காட்டுவானா? ஆடி வரட்டும், ரெண்டு பேருமா ஒண்ணாப் போயிப் பாப்போம்."

ஆட்சேபணை எழுதின ஒரு மாதத்துக்குள் தலைவர் நேரில் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நகலை மேலே அனுப்ப வேண்டும் என்று விதியில் இருப்பதைத் தாணு மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னார். மேலே என்றால் கேடயம் கொடுக்கிறவர்கள். தாணுவை வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்றால், போட்டோ பேப்பரில் வந்து இன்னும் மாசம்கூட ஆகவில்லை. நமசிவாயம் பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு, அப்படியானால் வருகிற வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுவோம் என்றார்.

வெள்ளிக்கிழமை தறிகளுக்கு லீவு. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. நமசிவாயம் பிள்ளை அங்கவஸ்திரத்தை ஒதுக்கிக்கொண்டு குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. தாணு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அப்போதும் கொட்டியது. பார்த்தீரா என்று கேட்காமலே கேட்டுவிட்டு, பிள்ளை புன்னகையோடு காரில் ஏறிப் போய்விட்டார். குடம், அண்டா, தோண்டி, பாவுக்குக் கஞ்சி கலக்குகிற தொட்டி என்று தெருவில் இருந்த பாத்திரமெல்லாம் குழாயடிக்கு வந்தன. ஒரு மணி நேரத்தில் குழாய் மறுபடியும் காற்றை ஊத ஆரம்பித்தது.

தாணு நடுத்தெருவில் அசடு வழிய நின்றார். சுல்தான் பீவிதான் அவரை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தொட்டியைச் சுற்றிலும் வண்டித் தடம் சேறும் சகதியுமாகக் குழம்பிக் கிடந்தது. பிள்ளையின் பண்ணை வண்டிகள் அத்தனையும் விடியற்காலம் பீப்பாய் பீப்பாயாகக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கின்றன. தாணுவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இனி என்ன எழுதினாலும், தலைவர் முன்னிலையில் தண்ணீர் வந்தது என்றுதான் எழுத வேண்டும்.

சுல்தான் பீவிக்கு அழுகை வரவில்லை. இடுப்பில் நிறைகுடம் இருந்தது.

"எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதிய? இன்னைக்கு எம் மருமவ ஆத்துக்குப் போவல. ஆடிட்டுன்னா இந்தக் குழாயில தண்ணி வருது. வாரா வாரம் வந்து ஆடிட் பண்ணுங்களேன் தம்பி."

தாணு ஆபீசுக்கு வந்து சர்க்குலரை எடுத்து மறுபடியும் படித்தார். தேவைப்படும்போதெல்லாம் சரிபார்க்கலாம் என்று போட்டிருந்தது. முன்னறிவிப்பில்லாமல் போவது உத்தமம் என்றும் போட்டிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விதியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். முன்னறிவிப்பில்லாமல் போனால் எறும்பு வரும். சொல்லிவிட்டுப் போனால் தண்ணீர் வரும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுசரிபார்ப்பு என்று தலைவருக்கு எழுதி, மேலே அனுப்புவதற்கான நகலையும் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதற்கடுத்த வெள்ளிக்கும் எழுதினார். சித்திரை பிறந்ததும் செவ்வாய்க்கிழமையையும் சேர்த்துக்கொண்டார்.

ஊரில் இப்படியொரு கண்டிப்பான தணிக்கையாளரைக் கண்டதில்லை என்று நெசவாளர் தெரு பேசிக்கொண்டது. தெருவில் பாவு தவறாமல் நீண்டது, தறிகள் ஓடின. ஜன்னத்துக்குப் பெண் குழந்தை பிறந்து, அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின நாள்கூட ஒரு தணிக்கை நாள்தான். மறுபக்கம் பிள்ளையின் பண்ணையில் மாடுகளுக்குக் கழுத்துப் புண்ணாகிப் போயிற்று. கோடை உழவு நின்றது. வண்டிக்காரர்கள் இரட்டைக் கூலி கேட்டார்கள். தென்னந்தோப்புக்குப் பாயவேண்டிய தண்ணீரெல்லாம் மேட்டுக்குப் போனதில் குரும்பைகள் உதிர்ந்தன. மைத்துனர் வந்து, இந்த ஆளைத் தொலைத்துத் தலைமுழுகினால் என்ன என்று கேட்டார். கேடயக் கமிட்டியார் தணிக்கை ஒழுங்காக நடக்கிறதைக் கேள்விப்பட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார்கள். எப்படித் தொலைப்பது?

கடைசியில், வண்டி கட்டுவதைவிடக் குழாய் பதிப்பது லாபம் என்ற முடிவுக்குப் பிள்ளை வந்தார். மக்கள் நலத்தில் அவருக்கு அக்கறை பிறந்தது இப்படித்தான். தீர்மானம் நிறைவேறியது. காண்ட்ராக்டை மைத்துனரே எடுத்தார். இந்தத் தடவை தெருவே கூடி நின்று, பள்ளம் தோண்டுவதையும் குழாய் இறங்குவதையும் ஒவ்வொரு முழமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனி பிறப்பதற்குள், வானத்திலிருந்து ஒரு துளி விழாதபோதே, குழாயில் தண்ணீர் வந்தது. நாலு வருஷத்துக்கு முந்தின திறப்பு விழாக் கல்லுக்குப் பக்கத்தில், நமசிவாயம் பிள்ளை பெயர் போட்டு இரண்டாவது கல்லும் நட்டார்கள். தீர்மானத்தில் 'உள்தணிக்கையாளர் தாணு அவர்களின் பரிந்துரையின் பேரில்' என்று ஒரு வரி இருந்தது. தாணு அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

ஆடி வந்தது. ஆடிட்டரும் வந்தார். கடைசி நாள், சோவென்று கொட்டுகிற சாரலில், குடை பிடித்துக்கொண்டு நெசவாளர் தெருவில் நின்றார். காதோரம் எண்ணெய் வழிந்தது. குழாயைத் திறந்தார்கள், கொட்டியது.

"போன வருஷமும் நானேதான் திறந்து பாத்தேன். இதே மாதிரிதான் கொட்டிச்சு. கொட்டுற குழாய்க்கு எதுக்கு ஐயா மறுபடியும் பைப்பு?"

அது ஓடைத் தண்ணீர், இது கிணற்றுத் தண்ணீர், அப்போது மண்ணுக்கடியில் குழாயே இல்லை என்று தாணு தட்டுத்தடுமாறிச் சொன்னார். ஆடிட்டர் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அப்படின்னா வருஷா வருஷம் திருப்தின்னு எழுதினோமே, நாங்கள்லாம் பொய்யா எழுதினோம்?"

தாணு நமசிவாயம் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பங்குனியில ஒரு தடவ வந்து பாத்தாத் தெரியும் சார்."

"பங்குனியிலயா? அப்ப குத்தாலத்துக்கு யாராவது வருவாங்களா?" என்றார் ஆடிட்டர். தாணுவுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையோ என்று அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

நல்ல நிலையில் இயங்கிவந்த குழாய்க்கு மறுபடியும் குழாய் பதித்தது வீண் செலவு. பரிந்துரை செய்த தாணு விளக்கம் தர வேண்டும் என்று ஆட்சேபணை வந்தது. அந்த வருஷம் அது ஒன்றுதான் ஆட்சேபணை. ஒரே ஓர் ஆட்சேபணை உள்ள பஞ்சாயத்து தாலுகாவில் வேறெதுவும் இல்லாததால் வெள்ளிக் கேடயம் நமசிவாயம் பிள்ளைக்கே கிடைத்தது. உம்ம பேருக்கு ஆட்சேபணை வந்துவிட்டதே, நான் என்ன செய்ய என்று தாணுவிடம் அவர் மனம் வருந்திச் சொன்னார். கேடயம் வந்த பிறகு உள்தணிக்கைக்கும் வேலையில்லாமல் போயிற்று. தாணு பழையபடி தற்காலிக குமாஸ்தா.

விஷயம் கேள்விப்பட்டுச் சுல்தான் பீவி ஆபீஸ் வாசல்வரை ஓடி வந்தாள். ஆட்சேபணை என்றால் பதித்த குழாயைப் பிடுங்கிவிடுவார்களா என்று கேட்டாள். குழாயைப் பிடுங்கமாட்டார்கள் என்று தாணு சொன்னார். அப்படியானால் எதைப் பிடுங்குவார்கள் என்று அவள் கேட்டதற்கு அவர் தன் பெயருக்கு வந்திருந்த ஆட்சேபணைத் தாளை எடுத்துக் காட்டினார். படிக்காமலே அவளுக்குப் புரிந்தது.

தீபாவளிக்கு மாமனார் தாம்பாளத்தை நீட்டி அதே கேள்வியைக் கேட்டார். தாணு தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியிலிருந்து முத்துவடிவு, "இந்தக் கேள்விய இனிமே கேக்காதியப்பா" என்றாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசித் தாணு கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த பங்குனி பிறந்தது. ஊர் வெயிலில் வெந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தாணு குடையை எடுத்துக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனார். அவரை யாரும் அனுப்பவில்லை. குழாயைத் திறந்தார். தண்ணீர் பளிச்சென்று வந்து காலில் தெறித்தது. மேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். வண்டித் தடம் எதுவும் இல்லை, புழுதிதான் பறந்தது. மனசு நிறைந்து, கையை நீட்டி நனைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சுல்தான் பீவி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலிருந்து சத்தம் கொடுத்தாள்.

"பாத்தாச்சுல்லா தம்பி? மூடுங்க. வெயில் காலத்துத் தண்ணி, வீணாப் போவுது."

அத்தனை வருஷ வேலையில், விளக்கம் எழுத வேண்டியில்லாத ஆட்சேபணை ஒன்று தாணுவுக்கு வந்தது அன்றுதான். அவர் உடனே குழாயை மூடினார்.